யந்திரத்துக்கு ஆகாத எழுத்தாம்!

சீனாக்காரனிடம் ஆயிரக்கணக்கில் எழுத்து இருக்கிறது. அதை எந்த யந்திரத்தில் ஏற்றுவது? தந்தி அடிக்க ஆகாது, டைப் அடிக்க ஆகாது. அவன் தேசம் பின்தங்கிக் கிடப்பதற்கு அவன் எழுத்தே காரணம். இப்படி ஒரு வாதம் மேல்நாடுகளிலே நூறாண்டுக் காலம் நடமாடியது. 1900-ம் ஆண்டில் அமெரிக்காவின் சான்பிரான்ஸிஸ்கோ நகரத்துப் பத்திரிகை ஒன்று கேலிச்சித்திரமே போட்டது. ஆயிரக்கணக்கான விசைகள் கொண்ட பூதாகாரமான டைப்ரைட்டர், அதன் முன்னே திண்டாடும் ஒரு சீனன்! பார்த்தவர்கள் சிரித்தார்கள்.

அபினி யுத்தம் நடத்தித் துறைமுகங்களைப் பிடுங்கியவர்கள், சுங்க வசூலைத் தங்கள் கையில் வைத்துக்கொண்டவர்கள், நிலப்பிரபுக்களோடு கூடிக் குலாவியவர்கள், இவர்களெல்லாம் குற்றமற்றவர்களாம். குற்றவாளி எழுத்தாம்! கொள்ளை போன வீட்டுக்காரனைப் பார்த்து, உன் வாசற்கதவு கோணல், அதனால்தான் நீ ஏழை என்று சொல்வதைப் போன்றதுதான் இது.

இன்றைக்குச் சீனத்திலே கோடிக்கணக்கான மக்கள் சாதாரண விசைப்பலகையைக் கொண்டு, 26 இங்கிலீஷ் எழுத்து விசைகளைத் தட்டி, தங்கள் எழுத்தை நிமிஷத்துக்கு நூறு என்ற கணக்கில் கூட அடிக்கிறார்கள். இது எப்படி நடந்தது? யார் நடத்தினார்கள்? அந்தத் திறமை இப்போது யார் கைக்குப் போய்க்கொண்டிருக்கிறது? உழைக்கிறவர்கள் இந்த மூன்று கேள்விகளையும் கேட்க வேண்டும் என்பது நமது கருத்து. தறியில் நிற்பவரும் கதிர் அறுப்பவரும் இதிலே தங்கள் கதையையே காண்பார்கள்.

முதலில் கம்பாஸிட்டர் தோழர்களிடமிருந்து தொடங்குவோம். ஈய எழுத்துக் காலத்திலே தமிழுக்கே கேஸ் நிறைய அறைகள் வேண்டும். சீனத்துக்கோ ஒரு சுவர் நிறைய, இரண்டு சுவர் நிறைய எழுத்துப் பெட்டிகள். அகராதி வரிசைப்படி அடுக்கியிருப்பார்கள். ஒரு வார்த்தையின் முதல் எழுத்து ஒரு மூலையில், இரண்டாவது எழுத்து வேறொரு மூலையில். கம்பாஸிட்டருக்கு நாளெல்லாம் நடைதான். 1949-ல் விடுதலைக்குப் பின், 1950-களின் தொடக்கத்தில், ஹெனான் மாகாணத்துக் கைஃபெங் நகரில் ஜாங் ஜீயிங் என்ற அச்சுக்கோக்கும் தொழிலாளி ஒரு காரியம் செய்தார். அகராதி வரிசையைத் தூக்கி ஒருபுறம் வைத்தார். எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து அடிக்கடி வருகிறதோ, அவற்றைப் பெட்டியிலும் பக்கத்துப் பக்கத்தில் அடுக்கினார். ‘புதிய’ என்பதன் அருகே ‘சீனா’. ‘விடுதலை’ என்பதன் அருகே ‘சேனை’. கால் நடை குறைந்தது, கைவேகம் பெருகியது. டைப் அடிக்கும் தொழிலாளர்களும் இதைப் பின்பற்றினார்கள். சீன டைப்ரைட்டர் என்பது சுமார் 2,500 ஈய எழுத்துக்கள் படுத்திருக்கும் ஒரு தட்டு. ஒரு கைப்பிடியை நகர்த்தி ஒவ்வொன்றாக எடுத்து அடிக்க வேண்டும். அந்தத் தட்டையும் தங்கள் வேலைக்குத் தக்கபடி மாற்றி அடுக்கிக்கொண்டார்கள்.

இந்த வார்த்தைக்குப் பின் எந்த வார்த்தை வரும் என்று முன்கூட்டியே ஊகித்து வைப்பது என்கிற இந்த யுக்தியைத்தான் இன்றைய செல்போன் கம்பெனிகள் தங்கள் மகா கண்டுபிடிப்பைப் போல விளம்பரம் செய்கின்றன. அதை அவர்களுக்கு வெகு முன்பே தன் வேலை மேஜையின் அருகே நின்று செய்துகாட்டியவர் ஒரு கம்பாஸிட்டர்.

எழுத்தை முழுதாக வைத்து அடுக்குவது ஒரு வழி. அதைப் பிரித்துப் போடுவது இன்னொரு வழி. சீன எழுத்து பார்ப்பதற்குக் கோலம் போலச் சிக்கலாக இருந்தாலும், அதற்குள் சின்னச் சின்ன உறுப்புகள் திரும்பத் திரும்ப வருகின்றன. மரம் ஓர் உறுப்பு, தண்ணீர் ஓர் உறுப்பு, வாய், வயல், நெருப்பு எல்லாம் உறுப்புகள். இரண்டு மரத்தைப் பக்கத்தில் நிறுத்தினால் தோப்பு. சூரியனையும் சந்திரனையும் சேர்த்தால் வெளிச்சம். வயலுக்குக் கீழே வலிமையை வைத்தால் ஆண்பிள்ளை. (வயலில் நாற்று நடும் பெண்களின் வலிமையை அந்தக் காலத்து எழுத்தர் கணக்கில் எடுக்கவில்லை போலும்!) தானியப் பயிரின் பக்கத்தில் நெருப்பை வைத்தால் அறுவடைப் பருவமாகிய இலையுதிர்காலம். அதே பயிரின் பக்கத்தில் கத்தியை வைத்தால் என்ன தெரியுமா? லாபம்! கதிரும் கத்தியும் சேர்ந்தால் லாபம் என்று எழுதிவைத்தவர் அறுத்தவனுக்கு அதில் எவ்வளவு என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டார். வாரத்துக்கும் கூலிக்கும் அறுத்துப் பழகிய நம் விவசாயத் தொழிலாளிகளுக்கு அந்தப் பாக்கிக் கணக்கு நன்றாகவே தெரியும்.

இந்த உறுப்புகளை விசையில் ஏற்றலாம் என்று பலர் முயன்றார்கள். எழுத்தாளர் லின் யூடாங் 1947-ல் அமெரிக்காவில் 72 விசைகள் கொண்ட டைப்ரைட்டர் ஒன்றைச் செய்து காட்டினார். எழுத்தின் மேற்பகுதிக்கு ஒரு விசை, கீழ்ப்பகுதிக்கு ஒரு விசை. இரண்டையும் அமுக்கினால் ஒரு சிறு ஜன்னலில் எட்டு எழுத்து வரையில் தெரியும். வேண்டியதைப் பொறுக்கி அடிக்கலாம். அருமையான வேலை. ஆனால் செலவு மிகுந்து அவர் கடனில் மூழ்கினார். யந்திரத்தைப் பெருவாரியாகச் செய்து விற்க எந்த முதலாளியும் முன்வரவில்லை. அந்த ஒரே மாதிரி யந்திரம் பல்லாண்டுக் காலம் காணாமற்போய், கடைசியில் நியூயார்க்கில் ஒரு வீட்டின் நிலவறையில் அகப்பட்டு, 2025-ல் ஸ்டான்ஃபோர்டு சர்வகலாசாலைக்குப் போய்ச் சேர்ந்தது. லாபம் கண்ணுக்குத் தெரியாவிட்டால் எப்பேர்ப்பட்ட கருவியையும் முதலாளித்துவம் கரையானுக்கு விட்டுவிடும்.

அடுத்தவர் கதை நமக்குக் கசப்பானது. கசப்பு என்பதற்காக மறைப்பது நம் வழக்கமல்ல. ஷாங்காய் நகரில் ஜி பிங்யி என்ற மின்சார எஞ்சினீயர் இருந்தார், ஜெர்மனியில் படித்தவர். கலாசாரப் புரட்சி என்ற பெயரால் நடந்த அமளியில், 1968-ல், பிற்போக்குப் படிப்பாளி என்று பட்டம் கட்டி அவரை அடைத்துப்போட்டார்கள். சிறையின் சுவரிலே எட்டு எழுத்துக்கள். ஒத்துக்கொண்டால் தாட்சண்யம், எதிர்த்தால் கடுமை என்பது அவற்றின் பொருள். மிரட்டுவதற்காக எழுதிய அந்த எட்டு எழுத்தையும் அந்த மனிதர் நாள் தவறாமல் பார்த்துப் பார்த்து உறுப்பு உறுப்பாகப் பிரித்தார். ஒவ்வோர் எழுத்தையும் நான்கு இங்கிலீஷ் எழுத்துக்குள் அடக்க முடியுமா என்பது அவர் கேள்வி. காகிதம் கிடையாது. தேநீர்க் கோப்பையின் மூடியில் எழுதினார், அழித்தார், மறுபடி எழுதினார். 1969-ல் வெளியே வந்த பின்னும் விடவில்லை. 1978 ஜூலையில், சீன எழுத்து கம்ப்யூட்டருக்குள் நுழைந்துவிட்டது என்று ஷாங்காயின் வென்ஹூய் பத்திரிகை அறிவித்தது. அவருடைய முறைதான் அது.

ஒரு தொழில்நுட்ப நிபுணனை ஜனங்களின் விரோதி என்று அடைத்து வைத்தது யாருக்கு லாபம்? தொழிலாளி வர்க்கத்துக்கு இல்லை. கலாசாரப் புரட்சி நாட்டுக்கும் கட்சிக்கும் பெருநஷ்டம் விளைவித்தது என்று 1981-ல் சீனக் கம்யூனிஸ்ட் கட்சியே தீர்மானம் போட்டுச் சொல்லியிருக்கிறது. எதிரி சொல்லட்டும் என்று நாம் காத்திருக்க வேண்டியதில்லை.

இனி இந்த வேலையை முடித்துக் காட்டியவரிடம் வருவோம். வாங் யோங்மின், 1943-ல் ஹெனான் மாகாணத்து நான்யாங் பகுதியில் ஓர் ஏழை விவசாயக் குடும்பத்தில் பிறந்தவர். மக்கள் சீனம் நடத்திய விஞ்ஞான தொழில்நுட்ப சர்வகலாசாலையில் படித்தவர். 1949-க்கு முன்னால் நூற்றுக்கு எண்பது பேர் எழுதப் படிக்கத் தெரியாத தேசம் அது. பழைய ஆட்சி நீடித்திருந்தால் இந்தப் பையன் பள்ளிக்கூடத்துத் திண்ணையைக் கூடக் கண்டிருக்க மாட்டான். 1978-ல் வேலையைத் தொடங்கினார். முதலில் நூறு விசைக்கு மேல் வேண்டியிருந்தது. அதைப் படிப்படியாகக் குறைத்து 1983-ல் 25 விசைக்குக் கொண்டுவந்து நிறுத்தினார். ‘ஊபி’ என்று பெயர். ஐந்து கோடு என்று அர்த்தம்.

அதன் கணக்கு எளிது. எந்தச் சீன எழுத்தையும் எழுத ஐந்து வகைக் கோடு போதும். கிடைக்கோடு, நெடுக்கோடு, இடப்பக்கம் சாய்ந்தது, வலப்பக்கம் சாய்ந்தது அல்லது புள்ளி, வளைந்தது. விசைப்பலகையை இந்த ஐந்துக்கும் ஐந்து பேட்டையாகப் பிரித்தார். பேட்டைக்கு ஐந்து விசை, ஆக 25. மிஞ்சிய ஒரு விசை, உறுப்பு மறந்துபோனவர்களுக்கு உதவ. எழுத்து உறுப்புகள் சுமார் 130-ஐ, எந்தக் கோட்டில் தொடங்குகிறதோ அந்தப் பேட்டையில் பெரும்பாலும் குடிவைத்தார். எந்த எழுத்துக்கும் நான்கு தட்டுக்கு மேல் கிடையாது. மேலே சொன்ன வயலும் வலிமையும் ‘எல்’ என்ற ஒரே விசையில் குடியிருக்கின்றன. ஆகவே ‘எல்’லை இரண்டு தரம் தட்டினால் ஆண் என்ற எழுத்து நிற்கும்.

அடிக்கடி வரும் 25 எழுத்துக்களுக்கு ஒரே தட்டு. பின்னால் இடைவெளிக் கட்டை, அவ்வளவுதான். அந்த 25 எவை என்று பார்த்தால் நமக்கு உற்சாகம் பிறக்கிறது. ‘ஏ’ விசையைத் தட்டினால் வேலை. ‘எஃப்’ என்றால் நிலம். ‘டபிள்யூ’ என்றால் மனிதன். ‘என்’ என்றால் மக்கள். ‘யூ’ என்றால் உற்பத்தி. இவற்றைப் பொறுக்கியது அரசியல் பிரசாரத்துக்காக அல்ல; ஒரு தேசம் எதை அதிகமாக எழுதுகிறது என்ற எண்ணிக்கை அது. வார்த்தைகளுக்கும் சுருக்கு வழி உண்டு. சீன மக்கள் குடியரசு என்ற பெயர் சீனத்தில் ஏழு எழுத்து. ஊபியில் நான்கே தட்டு. கம்யூனிஸ்ட் கட்சி என்பது மூன்று எழுத்து. அதுவும் நான்கு தட்டு. இங்கிலீஷில் இதே பெயர்களை அடிக்க எத்தனை தட்டு வேண்டும் என்று, யந்திரத்துக்கு ஆகாத எழுத்து என்று சிரித்தவர்களே எண்ணிப் பார்க்கட்டும்.

இதே காலத்தில் ஓசையைக் கொண்டு அடிக்கும் முறையும் இருந்தது. 1958-ல் தேசிய மக்கள் காங்கிரஸ் ஏற்றுக்கொண்ட ‘பின்யின்’ என்ற இங்கிலீஷ் எழுத்து உச்சரிப்பு முறைதான் அதற்கு அடிப்படை. எழுத்தின் ஓசையை அடித்தால், அந்த ஓசை உள்ள எழுத்தெல்லாம் வரிசையாக வரும், பொறுக்கிக்கொள்ளலாம். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்பிலேயே பின்யின் கற்றுத் தருவதால், இதற்குத் தனிப் பயிற்சி வேண்டாம். இன்று சீனத்தில் மிகப் பெரும்பான்மையோர் இப்படித்தான் அடிக்கிறார்கள். இது பெரிய லாபம் என்பதை நாம் மறுக்கவில்லை. கிராமத்துக் கிழவியும் கட்டட வேலைக்குப் போன பேரனுக்குச் சேதி அனுப்புகிறாள் என்றால் அது ஜனநாயகம்தான். தனிப் பயிற்சி பெற்ற சிலரே எழுத வேண்டும் என்று வாதிக்க நாம் பழைய மடாதிபதிகள் அல்ல.

ஆனால் இதில் இரண்டு விஷயம் இருக்கிறது.

ஒன்று, ஓசை முறை பீக்கிங் பேச்சை ஒட்டிய பொதுமொழி உச்சரிப்பைக் கேட்கிறது. ஹூனானிலும் ஸிச்சுவானிலும் பல இடங்களில் ‘ந’வும் ‘ல’வும் ஒன்றாகவே ஒலிக்கின்றன. கான்டனில் பேசுவது முற்றிலும் வேறு. தென்மாகாணத்து விவசாயி மகன் சரியான எழுத்தைக் கண்ணால் அறிவான், கையால் எழுதுவான். ஆனால் அதன் தலைநகரத்து ஓசை அவன் நாக்கில் வராது. உருவ முறை அவனிடம் நீ எந்த ஊர், எப்படிப் பேசுகிறாய் என்று கேட்பதில்லை. உனக்கு எழுத்து தெரியுமா என்று மட்டும் கேட்கிறது.

மற்றொன்று இன்னும் முக்கியமானது. ஊபியைக் கற்றுக்கொள்ளச் சிரமம் உண்டு. எந்த உறுப்பு எந்த விசையில் என்பதைப் பாட்டாகக் கட்டி மனப்பாடம் செய்தார்கள். மாதக்கணக்கில் கையைப் பழக்க வேண்டும். 1980-களிலும் 1990-களிலும் சீன நகரங்களில் ஊபிப் பயிற்சிக்கூடங்கள் நிறைய நடந்தன. ஏராளமான இளம்பெண்கள் இதைக் கற்று டைப் வேலைக்குப் போனார்கள். பழகிய பின் அந்தத் திறமை அவர்கள் விரலுக்குள் இருந்தது. எந்த யந்திரத்தின் முன் உட்கார வைத்தாலும் அடிப்பார்கள். அதற்குக் கூலி பேசி வாங்க முடிந்தது. ஓசை முறையில் திறமை விரலில் இல்லை. ஊகித்துத் தரும் யந்திரத்தில் இருக்கிறது. அந்த யந்திரமோ கம்பெனியுடையது.

மில் தொழிலாளித் தோழர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. கைப்பக்குவம் தறிக்குள் போய்விட்டால், தறிக்காரனுக்கு என்ன மரியாதை, என்ன கூலி என்பதை அவர்கள் பார்த்தவர்கள். நாம் யந்திரத்துக்கு விரோதிகள் அல்ல. அது யார் சொத்து என்பதே நம் கேள்வி.

ஊகிப்பதற்காக இன்றைய செயலிகள் பல, விரல் தட்டுவதைக் கம்பிவழியே தூரத்திலுள்ள கம்பெனியின் கம்ப்யூட்டருக்கு அனுப்புகின்றன. கனடாவில் டொராண்டோ சர்வகலாசாலையைச் சேர்ந்த சிட்டிசன் லேப் என்ற ஆராய்ச்சிக்கூடம் 2024-ல் இதைச் சோதித்தது. பின்யின் செயலி தரும் ஒன்பது கம்பெனிகளை எடுத்துப் பார்த்ததில் எட்டுக் கம்பெனிகளின் செயலிகளில் ஓட்டை. அடிப்பது என்ன என்பதை நடுவழியில் பிறர் படிக்கும்படி இருந்தது. டென்ஸென்ட், பைடு, ஸியாமி, ஸாம்ஸங் எல்லாம் அந்தப் பட்டியலில் உண்டு. ஹுவாவே ஒன்றில்தான் ஓட்டை காணவில்லை. சொன்ன பிறகு பெரும்பாலோர் அடைத்தார்கள். நாம் கேட்கிறோம்: காதலிக்கு எழுதுவதையும், சங்கத்துத் தோழருக்கு எழுதுவதையும், எழுதி முடிக்கும் முன்பே ஒரு கம்பெனிக்கு ஏன் காட்ட வேண்டும்? ஓட்டை அடைத்த பிறகும் சேதி கம்பெனிக்குப் போய்க்கொண்டுதானே இருக்கும்? உருவ முறையில் எழுத்துக்கு உரிய தட்டு பெரும்பாலும் முன்பே நிச்சயமானது. யாரிடமும் போய் ஊகம் கேட்டு வர வேண்டிய அவசியமில்லை.

இப்படிப்பட்ட முறை ஏன் தேசம் முழுவதற்கும் நிலைக்கவில்லை? கற்கும் சிரமம் பெரிய காரணம் என்று ஏற்கெனவே சொன்னோம். சொத்துரிமையும் ஒரு காரணம். வாங் யோங்மின் தம் முறைக்குக் காப்புரிமை வாங்கினார், கம்பெனி வைத்தார், அனுமதிக் கட்டணம் கேட்டார். வழக்கும் நடந்தது. 1986-ம் ஆண்டு வடிவம் ஒன்று, 1998-ல் ஒன்று, 2008-ல் ஒன்று என்று வந்தன. ஒன்றில் பழகிய கை இன்னொன்றில் தடுமாறும். பெரும்பாலோர் பழைய 86-ஐ விட்டு நகரவே இல்லை.

தைவானில் இதற்கு நேர்மாறாக நடந்தது. சூ பாங்ஃபூ என்பவர் பிரேஸில் நாட்டில் ஒரு பதிப்பகத்தில் வேலை பார்த்தபோது, அந்நிய நாட்டுப் புத்தகத்தை மொழிபெயர்த்து அச்சேற்றும் வேகத்தைக் கண்டு, நம் எழுத்தில் இது ஏன் முடியாது என்ற ஏக்கத்தோடு ஊர் திரும்பினார். 1976-ல் ‘ஸாங்ஜியே’ என்ற உருவ முறையை வகுத்தார். எழுத்துக்கு ஐந்து தட்டு வரையில். 1982-ல் அதன் உரிமையையே விட்டுக்கொடுத்து, இது மக்களின் பொதுச் சொத்து என்று திறந்துவிட்டார். விளைவு? தைவானிலும் ஹாங்காங்கிலும் விற்ற கம்ப்யூட்டர் எதிலும் அது இருந்தது. விசைகளின் மேலேயே அதன் உறுப்புகளைப் பொறித்தார்கள். சோஷலிச நாட்டில் பிறந்த முறைக்குக் கட்டணமும் முதலாளித்துவத் தைவானில் பிறந்த முறைக்குப் பொதுவுடைமையும் வாய்த்தது விசித்திரம்தான். வாங் யோங்மின் பட்ட பாட்டுக்குப் பலன் வேண்டாமா என்று கேட்கலாம். வேண்டும். மக்கள் சர்க்கார் அவருக்குத் தாராளமாகச் சன்மானம் கொடுத்து, முறையை வாங்கி, பள்ளிக்கூடங்களுக்கு இலவசமாகக் கொடுத்திருக்க வேண்டும். மாகாணந்தோறும் போட்டியிட்ட முறைகளில் ஒன்றைத் தேர்ந்து நிலைநிறுத்தாமல் சந்தையில் முட்டிமோதட்டும் என்று விட்டது சரியல்ல என்பதே நமது அபிப்பிராயம்.

ஓசையிலேயே அடித்து அடித்து, பேனாவைக் கையில் எடுத்தால் எழுத்து மறந்துபோகிறது என்று சீனத்தில் இன்று படித்தவர்களே குறைப்படுகிறார்கள். அதற்கென்று ஒரு சொலவடையே வந்துவிட்டது. உருவ முறையில் அடிப்பவர் ஒவ்வொரு தட்டிலும் எழுத்தின் உறுப்பை நினைத்தே ஆக வேண்டும். ஆகவே பின்யினோடு கூட உருவ முறை ஒன்றையும் பள்ளியில் கற்றுத் தருவது நல்லது என்று நாம் நினைக்கிறோம். முதல் வகுப்பில் வேண்டாம். கையெழுத்து நிலைத்த பிறகு, பத்து வயதுக்கு மேல் போதும்.

அதற்குக் கம்பெனியின் தயவும் தேவையில்லை. ‘ரைம்’ என்ற பெயரில் தன்னார்வத் தொழில்நுட்பத் தொழிலாளர்கள் சேர்ந்து ஒரு செயலி செய்து வைத்திருக்கிறார்கள். அதன் உள்வேலை எல்லாம் யாரும் பார்க்கும்படி திறந்தே இருக்கிறது. ஊபியும் ஸாங்ஜியேயும் பின்யினும் அதில் ஓடும். தட்டுகிற தட்டு அந்தக் கம்ப்யூட்டரிலேயே நிற்கும். 86-ம் ஆண்டு ஊபியின் காப்புரிமைக் காலமும் தீர்ந்துவிட்டது. எடுத்துப் பழகுவதற்கு இப்போது காசும் வேண்டாம், அனுமதியும் வேண்டாம்.